படம் முடிந்தது, பேச்சு எங்கே?

நம்மவர் படம் பார்ப்பதில் எவருக்கும் பின்வாங்கியவர் அல்லர். மலாக்காவின் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த முதியவர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வர். திருவிழா இரவன்று திடலில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் போதும்; பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கே சாக்கை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்களும் நள்ளிரவு வரை கண் இமையாது அமர்ந்திருப்பார்கள். படத்திலே ஒரு சேரி வரும். அச்சேரிக்கு ஒரு கொடியவன் தீங்கு இழைப்பான். கதாநாயகன் தோன்றி அவனை அடித்து வீழ்த்துவான். சேரி மக்கள் வாழ்வு பெறுவார்கள். கூட்டம் கண்ணீர் விடும், கை தட்டும். படம் முடிந்ததும் அதே கூட்டம் விளக்கில்லாத பாதையில் நடந்து, உடைந்த சாக்கடையைத் தாண்டி, ஒழுகும் லயத்துக் கூரையின் கீழ்ப் படுக்கச் சென்றது. திரையில் கண்ட சேரிக்காக அழுத கண்கள் தம் சேரியைக் காணவில்லை. இதைக் காட்டிலும் வேடிக்கை வேறு உண்டோ?

இன்று மூங்கிலும் வெள்ளைத் துணியும் போயின. படம் பிடிக்கும் கருவி ஒவ்வோர் இளைஞன் சட்டைப் பையிலும் இருக்கிறது. அவர்களுள் சிலர் நம் குடியிருப்புகளின் சீர்கேட்டைப் பத்து நிமிடக் குறும்படமாக எடுத்து, மண்டபங்களில் காட்டவும் தொடங்கியுள்ளனர். இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், வரவேற்பதோடு நிறுத்திக்கொண்டால் நாம் நம் கடமையில் தவறியவர்களாவோம். ஏனெனில், இப்படங்களை நம் சங்கங்கள் காட்டுகிற முறை பழைய திருவிழா முறையாகவே இருக்கிறது. படம் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, மக்கள் எழுந்து போகிறார்கள். குடியிருப்பைப் பற்றிய படத்தின் பயன் படத்தில் இல்லை. படம் முடிந்தபின் அக்குடியிருப்பு மக்கள் பேசும் பேச்சில் இருக்கிறது என்பதே நாம் இங்கு வற்புறுத்த வந்த ஒரே செய்தி. அப்பேச்சுக்கு இடம் தராத படம் எத்துணை அழகியதாயினும், அது பழைய கதாநாயகனின் தம்பியேயாகும்.

நாம் கண்ணாரக் கண்டதொன்றைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் ஒரு தாமானில் இத்தகைய காட்சியொன்றுக்கு அழைக்கப்பட்டிருந்தோம். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்கள் மிகுதியாக வாழும் இடம் அது. மாலையும் பொன்னாடையும் வாழ்த்துரையுமாக ஒரு மணி நேரம் சென்றது. பின்னர்ப் படம் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. அத்தாமானின் பின்புறச் சாக்கடை நாறிக் கிடப்பதையும், அதில் கொசு பெருகுவதையும், டெங்கிக் காய்ச்சல் பரவுவதையும் அது காட்டியது. குடியிருப்போர் குப்பையைக் கொட்டுவதே இதற்குக் காரணம் என்று முடிவுரை கூறியது. கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டியார் எழுந்து, "தம்பி, அந்தச் சாக்கடை எங்க வீட்டுப் பின்னாலதான் ஓடுது. நான் ஒன்னு சொல்லட்டுமா?" என்றார். "நேரமாச்சு பாட்டி, சாப்பாடு ஆறிடும்," என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். மண்டபம் சிரித்தது. மூதாட்டியார் அமர்ந்துவிட்டார். நாமும் தட்டை ஏந்தி வரிசையில் நின்றோம், அக்குற்றத்தை மறைக்கவில்லை.

மனம் பொறாமல் மறுவாரம் அவர் வீட்டைத் தேடிச் சென்று, அன்று சொல்ல வந்தது யாதென்று கேட்டோம். அவர் வாயால் ஏதும் விளக்காமல் நம்மைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று கையை நீட்டிக் காட்டினார். பக்கத்தில் புதுக் கடைவரிசை எழுந்தபோது சாலைக்கு அடியில் பதித்த குழாய், தாமானின் பழைய சாக்கடைத் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. "குப்பை போடுறது தப்புதான் தம்பி, இல்லேன்னு சொல்லல. ஆனா குப்பைய அள்ளின மறுநாளும் தண்ணி நிக்குதே! தண்ணி மேட்டுல ஏறுமா?" என்றார். மூன்று ஆண்டுகளாகத் தம் சன்னல் வழியே இதைக் கண்டு வந்தவர் அவர். படம் எடுத்த இளைஞர்களுக்கு இது தெரியவில்லை. தலைமை தாங்கியவருக்குத் தெரியவில்லை. கைதட்டிய நமக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு நிமிடப் படம் தவறாகச் சொன்னதை ஒரு கிழவியின் ஒரு வாக்கியம் திருத்தியிருக்கும். அவ்வாக்கியத்தை ஆறிப்போகும் சோற்றுக்காக நாம் விற்றுவிட்டோம்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? நம் மக்கள் இயல்பிலேயே ஊமைகளா? அல்லர். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு டான் சே யான் என்பார் வாணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். இந்நாட்டு ரப்பர்த் தோட்டத் தொழிலின் தொடக்கம் அதுவே. அதன்பின் இம்மாநிலத்துத் தோட்டங்களில் உழைத்த தமிழர் வாய் திறவாமல் இருந்துவிடவில்லை. 1967-இல் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் தம் குறையைச் சொல்லக் கோலாலம்பூர் வரை கால்நடையாகவே நடந்தார்கள். நடந்து சென்று பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எனினும், திரையின் முன் அமர்ந்தால் மட்டும் வாய் மூடிவிடுகிறோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1946-இல் மலாயாவில் அரசாங்கம் ஒரு திரைப்படப் பிரிவை நிறுவியது. அப்பிரிவின் சிறு படங்கள் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் விளக்கம் பெற்று, தகவல் இலாகாவின் வண்டிகளில் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் வந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அவ்வண்டிகள் செல்லாத மூலை சிலவே. கை கழுவுக, நீரைக் காய்ச்சிக் குடிக்க, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புக, அரசாங்கத்துக்கு விசுவாசமாயிருக்க என்று அவை போதித்தன. அவற்றுள் நல்லன பல உண்டு, நாம் இகழவில்லை. ஆனால் அவ்வண்டிக்கு ஒலிபெருக்கி இருந்ததேயன்றிக் காது இல்லை. காய்ச்சிக் குடி என்று சொன்ன படம், லயத்துக்கு எத்தனை குழாய் உண்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. திரை பேசும், தொழிலாளி கேட்பான் என்பதே முறையாயிற்று. ஆட்சி மாறியது, வண்டி போயிற்று, அம்முறையை மட்டும் நம் சங்கங்கள் பத்திரமாகக் காப்பாற்றி வருகின்றன.

குறையுள்ள குடியிருப்பைப் படம் பிடிப்பது புதுமையன்று. 1935-இல் இலண்டன் ஸ்டெப்னிச் சேரியில் எட்கார் ஆன்ஸ்டியும் ஆர்தர் எல்டனும் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்னும் குறும்படத்தை எடுத்தனர். சேரி மக்கள் தம் இடிந்த வீட்டில் நின்றபடி, எலியையும் மூட்டைப் பூச்சியையும் பற்றித் தம் வாயாலேயே உலகுக்குச் சொன்னார்கள். அக்காலத்தில் அது பெரும் புரட்சி. ஆயினும், செலவுப் பணம் தந்தது எரிவாயு விற்கும் கூட்டமைப்பு. சேரியை இடித்துவிட்டு எரிவாயு அடுப்புள்ள அடுக்குவீடு கட்டுவதே மருந்து என்பது படம் எடுக்குமுன்பே முடிவாகிவிட்டது. மக்கள் நோயைச் சொல்லலாம், மருந்தைச் சொல்லக்கூடாது. நம் ஊரில் தேர்தல் நெருங்கும்போது எடுக்கப்படும் படங்களைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1967-இல், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் போகோ என்னும் தீவில் வேறொரு முறை பிறந்தது. அத்தீவிலே ஏறத்தாழ 5,000 மீனவ மக்கள் பல சிற்றூர்களாகப் பிரிந்து வாழ்ந்தனர். மீன்பிடி நலிந்துவிட்டது, மக்களைத் தீவிலிருந்து பெயர்த்து வேறிடம் குடியேற்றிவிடலாம் என்று அரசாங்கம் எண்ணியது. தோட்டம் விற்கப்பட்டதும் மூட்டை கட்டச் சொல்லப்பட்ட நம்மவர்க்கு இக்கதை புதியதா? அப்போது கனடா தேசியத் திரைப்படக் கழகத்தைச் சேர்ந்த காலின் லோ அங்கே சென்றார். பெரும்படம் ஒன்றை எடுக்காமல், ஒருவர் பேச்சு அல்லது ஒரு நிகழ்ச்சி ஒரு படம் என்று 27 சிறு படங்கள் எடுத்தார். தீவைவிட்டு நகருக்குப் பிழைக்கப் போகும் பில்லி கிரேன் என்ற மீனவர் மனம் நொந்து பேசுவது அவற்றுள் ஒன்று. படத்தில் உள்ளவர்க்கே முதலில் காட்டி, அவர் சம்மதம் பெற்றார். பின்னர் ஒவ்வொரு சிற்றூரிலும் திரையிட்டுப் பேச்சுக்கு வழிவிட்டனர். ஓர் ஊரின் துன்பமே அடுத்த ஊரின் துன்பமும் என்பதைத் தீவு மக்கள் திரையில் கண்டு அறிந்தார்கள். படங்கள் அமைச்சர்களுக்கும் காட்டப்பட்டன. அமைச்சரின் மறுமொழியும் படமாகித் தீவுக்கு வந்தது.

விளைவு என்ன? மீனவர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. படகு கட்டும் தொழில் வளர்ந்தது. மக்கள் தீவிலேயே நிலைத்தார்கள். எல்லாம் படத்தாலேயே ஆயிற்று என்று நாம் புளுகமாட்டோம். அத்தீவில் முன்னரே முன்னேற்றக் குழு ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் உடன் உழைத்தார்கள். படம் அவர்களுடைய பேச்சுக்கு ஒரு மேடை இட்டது. அவ்வளவே; ஆனால் அவ்வளவு பெரிது.

கற்றவர்க்கே இது கைவரும் என்று எண்ண வேண்டா. 1984-இல் அகமதாபாத்தின் 'சேவா' என்னும் பெண் தொழிலாளர் சங்கம், எழுத்தறியாதவர் பலரும் அடங்கிய தன் உறுப்பினர்க்கு வீடியோக் கருவியைப் பழக்கியது. காய்கறி விற்ற கைகள் படம் பிடித்தன. மறுபுறம், 1985-இல் ஆனந்த் பட்வர்தன் பம்பாய்ச் சேரிகள் இடிக்கப்படுவதைப் பற்றி எடுத்த 'ஹமாரா ஷஹர்' என்ற படத்தில், வீடிழந்த பெண்ணொருத்தி படமெடுப்பவரையே கடிந்துகொள்கிறாள். ஏழைகளைப் படம் பிடித்து நீங்கள் என்ன செய்துவிடப் போகிறீர்கள் என்ற பொருள்படக் கேட்கிறாள். அவர் அக்காட்சியை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார். அந்த நேர்மை நம் இளைஞர்க்கு வேண்டும். நம் வறுமையைப் படம் பிடித்து அயலூர் விழாவில் பரிசு பெற்று, படமெடுத்த தெருவுக்கு ஒருநாளும் திரும்பாத கலைஞரை நாம் பாராட்ட ஒருப்படோம்.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இலும், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இலும் தோட்டத் தமிழரின் வாழ்வைப் பெருந்திரைக்குக் கொண்டுவந்தன. 2003 முதல் 'ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்' என்னும் விழா சமூகக் குறும்படங்களுக்கு உதவி செய்து, காட்டி, கலந்துரையாட வைத்து வருகிறது. அவை யாவும் போற்றத் தக்கன. எனினும், தலைநகர் மண்டபத்தில் நடக்கும் உரையாடல் தெபோங்கிலும் மெர்லிமாவிலும் காடேக்கிலும் நடந்ததாகாது. சாக்கடை இருக்கும் இடத்தில் பேச்சும் இருத்தல் வேண்டும்.

மலாக்காவுக்கு இது மிகவும் வேண்டுவது ஏன் என்பதைக் கேளுங்கள். 2008-இல் யுனெஸ்கோ, ஜார்ஜ் டவுனோடு சேர்த்து மலாக்கா நகரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அன்று முதல் ஆற்றங்கரையையும் பழைய கடைவீடுகளையும் படம் பிடிக்காத பயணி இல்லை. நல்லது. அவ்வாற்றங்கரையிலிருந்து சிறிது தொலைவில் மலிவுவிலை அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகி, முதியவர் படியேறி மூச்சு வாங்குவதைப் படம் பிடிக்க எந்தப் பயணி வருவான்? அதை நாமே பிடித்தல் வேண்டும். அன்றியும், நகராண்மைத் தேர்தல்கள் இந்நாட்டில் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறவே ஒழித்தது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான மன்ற உறுப்பினர் நியமனம் பெறுகிறாரேயன்றி நம் வாக்கைப் பெறுவதில்லை. வாக்கால் சொல்ல இயலாததை வாயால் சொல்லியாக வேண்டாமா?

இனி, மறுப்போர் கூற்றுக்கு வருவோம். "வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுவதா? பிற இனத்தார் நகைக்க மாட்டார்களா?" என்பர் மானங்காக்கும் பெரியோர் சிலர். குப்பை ஏற்கெனவே தெருவில்தான் கிடக்கிறது, ஐயா! வழிப்போக்கர் அனைவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு செல்கின்றனர். காணாதவர் போல் நடிப்பது நாம் மட்டுமே. மானம் மறைப்பதில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது.

"பேசி என்ன பயன்? பேசிப் பேசித்தானே கெட்டோம்!" என்பர் வேறு சிலர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பேச்சு மட்டும் சாக்கடையைத் தோண்டாது. ஆனால் எவரிடம் மண்வெட்டி இருக்கிறது என்பதைப் பேசினாலன்றி அறிய முடியாது. தோட்ட லயமாயின், 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் உண்டு. தொழிலாளர்க்கு வீடு தந்த முதலாளி அதற்கு விடை சொல்ல வேண்டும். தொழிலாளர் இலாகா மேற்பார்வை செய்ய வேண்டும். அடுக்குமாடியாயின், 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிருவாகச் சட்டப்படி அமைந்த நிருவாகக் குழுவும் அதன் ஆண்டுப் பொதுக்கூட்டமும் உண்டு; அக்கூட்டத்துக்கு நம்மவருள் எத்தனை பேர் போகிறார்கள்? தாமான் தெருவாயின், நகராண்மை மன்றத்தின் பொறுப்பு. இம்மூன்றையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் ஓர் அரசியல்வாதியின் வாசலில் நிற்பதே நம் வழக்கமாகிவிட்டது. அவரும் வந்து, சாக்கடையருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார். அவர் எடுக்கும் படத்துக்கும் நாம் வேண்டும் படத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்: அவர் படத்தில் அவர் முன்னால் நிற்பார், சாக்கடை பின்னால் இருக்கும்.

"படம் காட்டினால் வழக்கு வருமே!" என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் வீணன்று. மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி, கையால் மலம் அள்ளுவோர் நிலையை 2017-இல் 'கக்கூஸ்' என்ற ஆவணப்படமாக எடுத்தபோது, திரையிடலுக்குத் தடைகளும் அவர்மேல் வழக்குகளும் வந்தன. இந்நாட்டில், இலங்கைத் தமிழர் படுகொலை பற்றிய 'நோ ஃபயர் சோன்' படத்தை 2013-இல் திரையிட்டதற்காக லீனா ஹென்ட்ரி என்ற பெண்மணிக்கு 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. தணிக்கை பெறாத படத்தைக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் அதற்குக் கருவியாயிற்று. ஆகவே, படம் காட்ட விழையும் சங்கம் சட்டமறிந்தவரைக் கேட்டு, தணிக்கை அனுமதிக்கு உரியதை முன்னரே செய்தல் அறிவுடைமை. அச்சத்தை முன்னெச்சரிக்கையாக்குக, சாக்குப்போக்காக்க வேண்டா.

நாம் வேண்டுவது பெருஞ்செலவுள்ளதன்று. அவ்விடத்தில் வாழ்வோரே, அல்லது அவரோடு கூடி இளைஞரே, பத்து நிமிடத்துக்கு மேற்படாத படம் ஒன்று எடுக்கட்டும். படத்தில் உள்ளவர்க்கு முதலில் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை நீக்கட்டும். மண்டபம் தேடாமல் அந்த அடுக்குமாடிச் சுவரிலேயே, அந்தத் திடலிலேயே காட்டட்டும். மாலை, பொன்னாடை, வாழ்த்துரை மூன்றுக்கும் அன்று விடுமுறை. பிரமுகர் வந்தால் பின்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். அதுவே அவர்க்குப் பெருமை. அவ்விடத்துப் பெண்ணொருவர் பேச்சை நடத்தட்டும். ஏனெனில் தண்ணீரும் கொசுவும் பிள்ளையின் காய்ச்சலும் முதலில் அவர் கையில்தான் வருகின்றன. படம் பத்து நிமிடமாயின் பேச்சு ஒரு மணியாகட்டும். கலையுமுன் மூன்றே வரி எழுதுக: குறை யாது, பொறுப்பு யாருடையது, எந்நாளுக்குள் செய்வது. மூன்று திங்கள் கழித்து அதே இடத்தைப் படம் பிடித்து, அதே சுவரில் காட்டுக. சீர்பட்டிருந்தால் மகிழ்க, படவில்லையாயின் அதையும் காட்டுக. இந்த இரண்டாவது படமே உண்மையான படம் என்பது நம் கருத்து.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் உள்ளன; இளைஞர் மன்றங்கள் உள்ளன; வாய்வீச்சில் குறைந்த தலைவர்கள் எவரும் இலர். ஆண்டுக்கு ஒரு குடியிருப்பை ஒவ்வொரு சங்கமும் எடுத்துக்கொண்டால் போதும். கலைவிழாவுக்குத் தமிழகத்திலிருந்து நடிகரை வரவழைக்கும் செலவில் ஒரு பங்கு இதற்கு ஆகாது.

அந்த மூதாட்டியார் இன்னும் அவ்வீட்டிலேயே இருக்கிறார். சென்ற மழைக்காலத்திலும் அவர் பின்கட்டில் தண்ணீர் நின்றது. தோழர்களே! அடுத்த முறை விளக்கு எரியும்போது அவர் மீண்டும் எழுந்து நிற்கக்கூடும். அப்போது சோறு ஆறினால் ஆறட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை நாம் உட்கார்ந்திருப்போம்.